மேல் வலி

அக்டோபர் 6, திங்கள்

வந்து சேர்ந்த முதல் நாளே வயிற்றெரிச்சல். மருத்துவப் பிரிவின் சீஃப் டாக்டர் அருணகிரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் அனுமதிக் கடிதத்தைப் படித்தார். படித்துவிட்டு வார்டு முழுக்கக் கேட்கும்படி, "ஏம்மா, எம்.பி.பி.எஸ். படிச்சிக்கிட்டே இன்னொரு எம்.எஸ்ஸியா? தகவல் அறிவியலா? ரயில்வே ஸ்டேஷன்ல 'விசாரணை'ன்னு போர்டு போட்டு ஒரு ஆளு உக்காந்திருப்பானே, அதுக்கான படிப்பா?" என்றார். நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இங்கேயாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நான் சங்கமித்ரா, ஊர் பெரம்பூர். பி.எஸ்ஸி. கணினி அறிவியல் முடித்து, இரண்டு வருடம் வேலை பார்த்து, பிறகு நீட் எழுதி மருத்துவம் சேர்ந்தேன். இருபத்தெட்டு வயதில் ஹவுஸ் சர்ஜன். கூடப் படிப்பவர்கள் 'அக்கா' என்கிறார்கள். கணினியை விட மனமில்லாமல் தொலைதூரக் கல்வியில் தகவல் அறிவியல் முதுகலையும் படிக்கிறேன். டாக்டர்கள் கணினிக்காரி என்கிறார்கள், கணினிக்காரர்கள் டாக்டர் என்கிறார்கள், இரண்டு பக்கமும் நாற்காலி போடுவதில்லை.

என் ஆய்வு ஒரு பட்டியல். நோயாளி சொல்லும் உபாதையை ஓ.பி. கவுண்டரில் தட்டினால், எந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று பட்டியல் சொல்லும். மொத்தம் 612 வரிகள், ஒவ்வொன்றும் நான் எழுதியது. சென்னையில் எங்கள் மருத்துவமனையில் எட்டு மாதம் பிசகில்லாமல் ஓடியது. இரண்டாவதாக ஓர் ஊரிலும் ஓடினால்தான் ஆய்வை ஏற்பார்கள். அதற்காகத்தான் பயிற்சிக் காலத்தின் கடைசிப் பகுதியை இந்தத் தென்கோடி மாவட்டத்துக்கு மாற்றிக் கேட்டு வந்தேன். சீட்டில் அச்சாகும் பிரிவும் பட்டியல் சொன்ன பிரிவும் நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போக வேண்டும். டிசம்பர் 15 கடைசி நாள். தவறினால் இரண்டு வருடப் படிப்பு குப்பைக்குப் போகும்.

அக்டோபர் 8, புதன்

பட்டியலை ஓ.பி. கவுண்டரில் ஏற்றிவிட்டோம். அங்கே முத்துப்பேச்சி என்று ஓர் அம்மா, ஒப்பந்த வேலை, பதினோரு வருடமாக அதே நாற்காலி. எதைக் காட்டினாலும் "சரி டாக்டரே" என்கிறார். எனக்குச் சளி பிடித்துக் குரல் கட்டியிருந்தது. "என்ன டாக்டரே, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார். "இல்லைங்க, மேல எனக்கு வேலை இல்ல, கீழ அஞ்சாம் வார்டுதான்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். இந்த ஊர்ப் பேச்சு பிடிபட இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

இருபத்தாறு பேருக்கு ரத்தம் எடுத்தேன். சனிக்கிழமை இணைய வகுப்பைத் தவறவிட்டதற்கு வழிகாட்டி நளினா மேடம் கடுமையாக ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார். அதே வகுப்புக்கு அரை மணி நேரம் கேட்டதற்குத்தான் சீஃப் "பேஷன்ட்ட கொஞ்ச நேரம் சாகாம இருக்கச் சொல்லிட்டுப் போ" என்றார். ஒருநாள் இவர்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து வெளியே தாழ்ப்பாள் போட வேண்டும்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு வீட்டுக்குப் போகவில்லை. அம்மா போனில் அழுதாள்.

ஐந்தாம் வார்டில் புதிதாக ஒரு பெரியவர். "மேலெல்லாம் வலிக்கு டாக்டரே. நேத்துப் பூரா மேலு சுட்டுது" என்றார். யோசிக்கவே இல்லை, தெர்மாமீட்டரை வைத்தேன், நூற்றிரண்டு. கேஸ் ஷீட்டில் 'உடம்பு வலி, காய்ச்சல்' என்று எழுதினேன். சீஃப் எட்டிப் பார்த்து, "பரவால்லியே, மெட்ராஸ்காரிக்கு எங்க பாஷை வந்துட்டு" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை.

நவம்பர் 3, திங்கள்

எண்பத்தொன்று! தொண்ணூறு கூட இல்லை, எண்பத்தொன்று.

முதல் மாதக் கணக்கில் நானூறு சீட்டுகளை எடுத்துச் சோதித்தேன். எழுபத்தாறு ஒத்துப்போகவில்லை. அதில் நாற்பத்துநான்கு ஒரே வரி, வரிசை எண் 417. பட்டியல் சொன்னது எலும்புப் பிரிவு, அச்சானது பொது மருத்துவம். நாற்பத்துநான்கையும் மாற்றியது ஒரே கை. முத்துப்பேச்சி!

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. 'சரி டாக்டரே, சரி டாக்டரே' என்று தலையாட்டிவிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறார். இரண்டு வருடம் கண்ணைக் கசக்கிச் செய்த வேலை, பழக்கம் விடாத ஓர் அம்மாவின் விரலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நேரே கவுண்டருக்குப் போனேன். வரிசை கேட் வரை நின்றது.

"டாக்டரே, ஒரு நிமிசம், அந்த மேலு…" என்று ஆரம்பித்தார்.

"எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க. நீங்களா பிரிவை மாத்தறதுக்கு யார் உங்களுக்கு அதிகாரம் குடுத்தது?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நாற்பத்துநான்கு பிழைகளையும் அட்டவணையாக்கி டீனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

டீன் உத்தரவு போட்டுவிட்டார். கவுண்டர் ஊழியர் கணினி சொல்லும் பிரிவை மாற்றக் கூடாது, மாற்றினால் ஒப்பந்தம் ரத்து. முத்துப்பேச்சியிடம் நகலைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "சரி டாக்டரே" என்றார்.

நவம்பர் 10, திங்கள்

தொண்ணூற்றேழு சதவீதம். நளினா மேடம் பாராட்டி மெயில் போட்டிருக்கிறார். மெஸ்ஸில் இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 13, வியாழன்

நான்கு நாளாக விடாத மழை. துணி எதுவும் காயவில்லை, ஈரக் கோட்டோடு வார்டுக்குப் போகிறேன். சீஃப் ரவுண்ட்ஸில் நின்று, "என்ன இது, ஐப்பசி மழையில காய்ச்சல் ஓ.பி. ஏறத்தான செய்யும்? இந்த வருசம் எறங்குதே!" என்று மோவாயைத் தடவினார். பட்டியல் வந்த பிறகு கூட்டம் சீராகப் பிரிகிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் ரயில்வே ஸ்டேஷனை மறுபடி இழுப்பார் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

கோபத்தில் எழுத்து கோணலாகப் போகிறது.

காலையில் சொர்ணம் என்ற பெண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். நாற்பத்தொரு வயது, வயல் வேலை. மூச்சு வாங்குகிறது, கண் மஞ்சள், நினைவு தப்பித் தப்பி வருகிறது. பத்து நாளாகக் காய்ச்சல். சோதித்தபோது இடுப்பில், சேலைக் கட்டுக்குக் கீழே, பீடி நெருப்பால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு. உண்ணிக் காய்ச்சல். மழைக் காலத்தில் புதர்ப் பூச்சி கடித்து வருவது. முதல் வாரத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையே போதும், ஒரு வாரத்தில் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள்.

இந்தப் பெண் இந்த ஆஸ்பத்திரிக்கு ஏற்கெனவே இரண்டு முறை வந்திருக்கிறாள்! இரண்டு முறையும் எலும்பு ஓ.பி. இரண்டு முறையும் வலி மாத்திரை, தோளுக்குத் தடவ ஒரு களிம்பு. அந்த வலி மாத்திரை காய்ச்சலையும் அடக்கி வைத்திருக்கிறது. நெற்றியில் ஒரு கை வைத்துப் பார்க்க எலும்பு டாக்டர்களுக்கு நேரமில்லையா? கை எதற்கு இருக்கிறது, கட்டுப் போட மட்டுமா?

கணவர் லிங்கத்துரை கதவோரம் நின்றார். "இவளுக்குச் சொல்லத் தெரியல டாக்டரே. நான் கூட வரல, களத்துல வேல. என்னத்தச் சொன்னாளோ, எலும்புக்கு அனுப்பிட்டாங்க. கூறுகெட்டவ" என்றார். அதட்டத்தான் நினைத்தேன். ஆனால் கவுண்டரில் கொஞ்சம் தெளிவாகச் சொல்லியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்று எனக்கும் பட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

எலும்பு ஓ.பி.யிலிருந்து இன்னும் இரண்டு பேர். இரண்டும் உண்ணிக் காய்ச்சல்.

இப்போது புரிகிறது. நான் திட்டியதற்கு முத்துப்பேச்சி பழி வாங்குகிறார். காய்ச்சல்காரர்களை வேண்டுமென்றே எலும்புக்குத் தள்ளுகிறார். டீனிடம் நேரில் போய்ச் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். மாலைக்குள் ஒப்பந்தக் கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. டிபன் டப்பாவும் குடையுமாக அவர் வெளியே போவதை வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு.

நவம்பர் 20, வியாழன்

சொர்ணம் இறந்துவிட்டாள். காலை 11.10. வென்டிலேட்டரில் மூன்று நாள் இருந்தாள்.

நவம்பர் 21, வெள்ளி

விசாரணைக்காகச் சொர்ணத்தின் இரண்டு சீட்டுகளையும் கணினியிலிருந்து எடுத்தேன். நவம்பர் 10, நவம்பர் 13. முத்துப்பேச்சி எதையும் மாற்றவில்லை. உபாதை என்ற இடத்தில் இரண்டிலும் ஒரே பதிவு, வரிசை எண் 417. பட்டியல் எலும்பு என்றது, எலும்பு என்றே அச்சாகியிருக்கிறது. எல்லாம் முறைப்படிதான்.

வாளியில் மூன்று நாள் துணி ஊறிக்கிடக்கிறது. துவைக்க வேண்டும்.

நவம்பர் 22, சனி

துவைத்தேன். அறையைப் பெருக்கினேன். ஸ்டெதஸ்கோப்பின் காதுக்குமிழைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இணைய வகுப்பில் தேடல்முறைகள் பற்றி இரண்டு மணி நேரம் நடத்தினார்கள், ஒரு சொல்லும் ஏறவில்லை. மெஸ்ஸில் உப்புமாவில் உப்பில்லை என்று சமையல்காரரிடம் சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்.

417-ஐத் திறந்து பார்க்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

திறந்தேன்.

'417. மேல் வலி. பொருள்: தோள், மேற்கை, மேல்முதுகு ஆகியவற்றில் வலி. பிரிவு: எலும்பு.'

நான் எழுதியதுதான். 'மேல்கை வலி', 'மேல்முதுகு வலி' என்று தனித்தனியாக எழுதச் சோம்பல்பட்டு ஒன்றாகச் சுருக்கியது நினைவிருக்கிறது. சென்னையில் எட்டு மாதத்தில் ஒருவர்கூட அந்த வரியைத் தொடவில்லை. அங்கே யார் 'மேல் வலி' என்பார்கள்? பிசகில்லாமல் ஓடியது என்று பீற்றிக்கொண்டேனே, அந்த வரி ஓடவே இல்லை.

இங்கே மேலு என்றால் உடம்பு. காய்ச்சல் கண்ட ஒவ்வொருவரும் 'மேலு வலிக்கு' என்று சொல்லிக்கொண்டுதான் கவுண்டருக்கு வருகிறார்கள். முத்துப்பேச்சி 'மேல்' என்று தட்டியதும் என் பட்டியல் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் எலும்பு ஓ.பி. வாசலில் விட்டிருக்கிறது.

இதே நோட்டில் அக்டோபர் 21-ஐப் புரட்டினேன். மேலு என்றால் உடம்பு என்று எனக்குத் தெரியும்! தெர்மாமீட்டரை வைத்தேன், கேஸ் ஷீட்டில் எழுதினேன், பாராட்டு வாங்கினேன். இரண்டே வாரத்தில் அதே கையால் 417, 417, 417 என்று பிழைகளை எண்ணினேன். எண்ணைப் பார்த்தேன், சொல்லைப் பார்க்கவில்லை. இரண்டு படிப்பையும் ஒன்றாகச் சேர்க்கப் புறப்பட்டவள் நான். எனக்குள் இருந்த டாக்டருக்குத் தெரிந்ததை எனக்குள் இருந்த பட்டியல்காரி ஒருநாளும் கேட்கவில்லை.

பிறகு அந்த நாற்பத்துநான்கு 'பிழை'களையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். முப்பத்தொன்பது பேருக்குக் காய்ச்சல், அதில் பதினொன்று உண்ணிக் காய்ச்சல். எல்லாரும் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். முத்துப்பேச்சி காப்பாற்றியவர்களின் பெயர்களைத்தான் நான் குற்றப்பட்டியலாக அச்சடித்து டீனிடம் கொடுத்தேன். அவர் கையைக் கட்டிப்போட்ட பிறகு எனக்குத் தொண்ணூற்றேழு சதவீதம் கிடைத்தது. அன்று பாயசம் வேறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சொர்ணம் முதல்முறை சீட்டு வாங்கியதும் அன்றுதான்.

நவம்பர் 24, திங்கள்

விடிந்ததும் முதல் வேலையாகக் கவுண்டரில் 417-ஐத் தூக்கினேன். பிறகு சீஃபிடம் ஓடினேன். அவர் ஒன்றும் கேலி செய்யவில்லை. எலும்பு ஓ.பி.க்குப் போய் நவம்பர் மாதச் சீட்டு அத்தனையையும் வாங்கி, முகவரி பார்த்து, கிராம நர்ஸ்களுக்குப் போன் போடச் சொன்னார். மாலைக்குள் ஒன்பது பேரைப் பிடித்துவிட்டோம். மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது.

டீனிடமும் போனேன். முழுதாகக் கேட்டார். "வரியை எடுத்துட்டீங்கள்ல? அப்புறம் எதுக்கு இதைக் கிளறுறீங்க? அந்தம்மா கான்ட்ராக்ட் ஆளு. போயாச்சு. பேப்பர்காரன் வந்தா யார் பதில் சொல்றது?" என்றார்.

நளினா மேடத்தைக் கூப்பிட்டேன். "ரொம்ப எமோஷனலா பாக்காதீங்க மித்ரா. எல்லா ஆய்வுலயும் குறை இருக்கும். வட்டார வழக்கு வேறுபாடுன்னு கடைசி அத்தியாயத்துல ஒரு பாரா போட்டுடுங்க, சரியாயிடும்" என்றார்.

ஒரு பாரா! செத்துப்போன பெண்ணுக்கு ஒரு பாரா. ஒரு மாவட்டமே பேசுகிற பேச்சு 'வட்டார வழக்கு', நான் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து எழுதியது மட்டும் தமிழா?

ஆய்வைத் திரும்பப் பெறுவதாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டேன். டீனுக்கு நான்கு பக்கம், 417 யார் எழுதியது, உத்தரவை யார் கேட்டு வாங்கியது, எல்லாவற்றையும் பெயர் போட்டு. நகல் சென்னை இயக்குநரகத்துக்கு.

நவம்பர் 26, புதன்

முத்துப்பேச்சியின் வீட்டைத் தேடிப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன். எழுதிக் குடுன்னீங்க. அம்புட்டு கூட்டத்த வச்சிக்கிட்டு நான் எங்க டாக்டரே உக்காந்து எழுத? ஒங்களுக்கு ரெண்டு படிப்பு. எனக்கு இருந்தது ஒரு வேல" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். "அந்த சொர்ணத்த எனக்கு மொகம் தெரியும். 'மூணு நாளா மேலு வலிக்கு'ன்னுதான் சொன்னா. ரெண்டு தடவையும் நான்தான் சீட்டு அடிச்சிக் குடுத்தேன். தெரிஞ்சே குடுத்தேன். உத்தரவுல்லா?" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

டிசம்பர் 3, புதன்

விசாரணை முடிந்தது. எனக்குப் பயிற்சிக் காலம் மூன்று மாதம் நீட்டிப்பு. அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

முத்துப்பேச்சியை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். எப்படி? இனி இப்படி நடக்காது என்று மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு! எது இனி நடக்காதாம்? நாற்பத்துநான்கு பேரைச் சரியான இடத்துக்கு அனுப்பியதா? கம்பெனிக்காரரிடம் கத்தினேன். "நடைமுறை மேடம்" என்கிறார். முத்துப்பேச்சி கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார். வேலை விஷயம் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

டீனின் அறிக்கையையும் படித்தேன். என் நான்கு பக்கத்தில் ஒரு வரி அதில் இல்லை. 'நோயாளி தமது உபாதையைத் தெளிவாகத் தெரிவிக்காததால் ஏற்பட்ட குழப்பம்' என்று முடித்திருக்கிறார்கள். செத்தவள் வந்து மறுப்பு எழுதவா போகிறாள்? இந்த வரி அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டது. நாளைக்கு ஒரு நகல் லிங்கத்துரைக்கும் போகும். அவரும் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார். பதினேழாம் தேதி நானும் ஆட்டியிருக்கிறேன்.

இயக்குநரகத்துக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை எழுதுவேன். ஆனால் லிங்கத்துரை அதற்குக் காத்திருக்கக் கூடாது.

டிசம்பர் 5, வெள்ளி

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வயல் முழுக்கத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. லிங்கத்துரை வீட்டு வாசலில் மண்வெட்டிக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"ஒங்க வீட்டம்மா கவுண்டர்ல என்ன சொன்னாங்கன்னு சொல்ல வந்தேன்" என்றேன்.

"அதான் தாள் வந்துட்டே டாக்டரே. வெளங்கும்படியாச் சொல்லலன்னு போட்டிருக்கு."

"அது பொய். 'மூணு நாளா மேலு வலிக்கு'ன்னு சொல்லிருக்காங்க. சீட்டு அடிச்ச அம்மாவே எங்கிட்ட சொன்னாங்க."

"சரி. பொறவு?"

"அவ்வளவுதான்."

மண்வெட்டியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்த்தார். "மூணு நாளா மேலு வலிக்குன்னு சொன்னா காய்ச்சல்னுதான அர்த்தம்? இதுல என்ன வெளங்கல? சரியாத்தான சொல்லிருக்கா?"

"சரியாத்தான் சொன்னாங்க. மேலுன்னா தோள்பட்டைன்னு தப்பா எழுதி வச்சது நான். கம்ப்யூட்டர்ல நான் எழுதினதாலதான் அவங்கள எலும்புக்கு அனுப்பினாங்க."

திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஒங்க ஆஸ்பத்திரி வாசல்ல வச்சி அவள ஏசுனேன் டாக்டரே" என்றார். "தள்ளுவண்டியில கெடக்கா, கண்ணு சொருகுது, நான் ஏசுதேன். ஒழுங்காச் சொல்லத் தெரியாதாட்டி மூதேவின்னு. 'சொன்னேங்க, சொன்னேங்க'ன்னா. அதுக்குப் பொறவு அவ பேசவே இல்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையால் மறித்துவிட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.